குருதியமுக்க மருந்துகளும் கொலெஸ்தரோலும்: ஓர் ஐயத்தின் வரலாறு

குருதியமுக்கத்தைத் தணிக்கும் மருந்துகள் சில, அதே வேளையில் குருதியிலுள்ள கொலெஸ்தரோலின் அளவைச் சிறிது உயர்த்துகின்றன என்பது இன்று மருத்துவ நூல்களில் ஓரிரு வரிகளுள் அடங்கிவிடும் செய்தியாகும். ஆயின் அவ்வோரிரு வரிகளுக்குப் பின்னால் ஏறத்தாழ நாற்பதாண்டுக் கால வாதப்பிரதிவாதம் ஒன்று மறைந்து கிடக்கின்றது. விலை குறைந்த பழைய மருந்தொன்று ஐயத்துக்குள்ளாகி ஒதுக்கப்பட்டமையும், விலை கூடிய புதியன அவ்விடத்தைப் பெற்றமையும், ஈற்றில் பல்லாயிரம் நோயாளரைக் கொண்ட பேராய்வொன்று அவ்வையத்தை எடைபோட்டுப் பார்த்தமையும் அவ்வரலாற்றின் கூறுகளாம். மருந்தின் வரலாறு மருத்துவபீடத்தார்க்கே உரியது என எண்ணுதல் பொருந்தாது. ஒரு காலத்தவர் எதனைச் சான்றாக ஏற்றனர், எதனைச் சான்றென மயங்கினர் என்பது வரலாறு பயில்வோர்க்கும் உரிய வினாவே.

குருதியமுக்கத்தை அளத்தல் கைவந்த பின்னரும் அதனை நோயெனக் கொள்ள மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. இத்தாலிய மருத்துவர் ரீவா-றொச்சி 1896 இல் புயத்திற் கட்டும் பட்டிகை கொண்ட கருவியை அமைத்தார். இரசிய மருத்துவர் கொறொற்கொவ் 1905 இல் நாடியின் ஒலியைச் செவிமடுத்து அளக்கும் முறையைக் கண்டார். இதயம் சுருங்கும்போதுள்ள மேலமுக்கம், விரியும்போதுள்ள கீழமுக்கம் என இரண்டும் இரச மில்லிமீற்றரில் எழுதப்படலாயின. ஆயினும் முதுமையில் நாடிகள் தடிப்புறுவதால் அவற்றினூடாகக் குருதியைச் செலுத்துதற்கு உயர்ந்த அமுக்கம் தேவை என்றும், அதனைக் குறைத்தல் தீங்காய் முடியும் என்றும் கருதினோர் பலர். அமெரிக்க இதய மருத்துவருள் முதன்மை பெற்ற போல் டட்லி வைற் என்பாரே 1931 இல் இக்கருத்துப்பட எழுதியிருந்தார்.

இத்தயக்கத்தின் விலையை ஐக்கிய அமெரிக்காவின் சனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ற் செலுத்தினார் எனலாம். 1944 மார்ச்சில் இளம் இதய மருத்துவரான கவாட் புறூவன் அவரைப் பரிசோதித்தபோது அமுக்கம் 186/108 ஆக இருந்தது. உப்புக் குறைந்த உணவு, ஓய்வு, டிஜிற்றாலிசு, உறக்கமூட்டும் மருந்து என்பன தவிர வேறெதனையும் விதிப்பதற்கு அன்று வழியில்லை. 1945 ஏப்பிரல் 12 ஆம் நாள் மூளையிற் குருதி பெருகி அவர் இறந்தார். இறுதி வேளையில் அமுக்கம் 300/190 எனப் பதிவாயிற்று. உலகப்போரை நடத்திய வல்லரசொன்றின் தலைவர்க்கே மருந்தில்லை எனின் ஏனையோர் நிலையை விளக்க வேண்டுவதில்லை.

அக்காலத்தில் அமுக்கத்தைத் தணிக்க விரும்பியோர் கையாண்ட முறைகள் கடுமையானவை. வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் கெம்ப்னர் என்பார் சோறும் பழமும் மட்டுமே கொண்ட உணவுமுறையை விதித்தார். சத்திரசிகிச்சையாளர் சிலர் முதுகெலும்பின் இருமருங்கிலுமுள்ள நரம்புகளை அறுத்தனர். பின்னர் வந்த மருந்துகளுள் கீழைத்தேயத்தாருக்குப் பெருமை தரத்தக்கது சர்ப்பகந்தி வேராகும். இந்திய வைத்தியத்தில் நெடுநாள் வழங்கிவந்த அவ்வேரைப் பம்பாயைச் சேர்ந்த றுஸ்ரொம் ஜல் வக்கீல் 1949 இல் பிரித்தானிய இதய மருத்துவ இதழில் மேனாட்டார்க்கு அறிமுகஞ் செய்தார். 1952 இல் அதிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்து சுவிற்சர்லாந்தில் பிரித்தெடுக்கப்பட்டது. ஆனால் அதுவும் உள்ளச் சோர்வை விளைத்தது.

நிலைமையை மாற்றியது குளோரோதயசைட்டு என்னும் சிறுநீர்ப்பெருக்கி மருந்தாகும். சல்பனிலமைட்டு வகை மருந்துகளை உண்டோர்க்குச் சிறுநீரின் தன்மை மாறுபடுதலை முன்னரே கண்டிருந்தனர். அதனைத் துணையாகக் கொண்டு சிறுநீரகம் சோடியத்தையும் குளோரைட்டையும் மிகுதியாகக் கழிக்கச் செய்யும் சேர்வையொன்றை அமெரிக்க மருந்து நிறுவனமொன்றில் கார்ல் பையர், நொவெல்லோ, ஸ்பிறேக் முதலியோர் தேடினர். அவர்களது முயற்சியின் பயனாகிய மருந்து 1958 இன் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது. வாஷிங்ரன் நகரிலிருந்த முன்னாட் படைவீரர் வைத்தியசாலையில் பணியாற்றிய எட்வேட் பிறீஸ் அது குருதியமுக்கத்தைத் தணிக்கின்றது என அவ்வாண்டிலேயே காட்டினார். அதனை அடுத்து ஐதரோகுளோரோதயசைட்டும் குளோர்தலிடோனும் வந்தன. வாயால் உண்ணத்தக்கது, தாங்கிக்கொள்ளத்தக்கது, யாவரும் வாங்கத்தக்கது என்னும் மூன்று இயல்பும் ஒரு குளிசையில் ஒருங்கே அமைந்தது அதுவே முதன்முறை.

எனினும் அமுக்கத்தைத் தணித்தலால் ஆயுள் கூடுமா என்பது வேறு வினா. இதற்கு விடை காண்பதற்குப் பிறீஸ் மேற்கொண்ட ஆய்வு மருத்துவ வரலாற்றில் ஒரு மைல்கல்லாகும். கீழமுக்கம் 115 முதல் 129 வரை உடைய 143 ஆடவரை எழுமாறாக இரு கூறாக்கி, 73 பேருக்கு ஐதரோகுளோரோதயசைட்டு, ரெசர்ப்பின், ஐதரலசின் ஆகிய மூன்றையும், 70 பேருக்கு மருந்தற்ற போலிக் குளிசையையும் கொடுத்தனர். 1967 இல் வெளியான முடிவு ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. போலிக் குளிசை உண்டோருள் 27 பேர் கடுந்துன்பங்களுக்கு ஆளாயினர். அவர்களுள் நால்வர் இறந்தனர். மருந்துண்டோருள் அவ்வாறு பாதிக்கப்பட்டோர் இருவரே, இறந்தோர் எவருமிலர். 1970 இல் வெளியான இரண்டாம் பகுதி, கீழமுக்கம் 90 முதல் 114 வரை உடைய 380 பேரைப் பற்றியது. ஐந்தாண்டுக் காலத்தில் கடுந்துன்பம் நேரும் வாய்ப்பு 55 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. பாரிசவாதம் கண்டோர் போலிக் குளிசைக் கூட்டத்தில் 20 பேர், மருந்துக் கூட்டத்தில் 5 பேர்.

இவ்வெற்றியின் நடுவே ஒரு குறை தென்பட்டது. இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடிகள் அடைபட்டு விளையும் மாரடைப்பில் இரு கூட்டத்தார்க்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்படவில்லை. அன்று அது பெரிதாகப் பேசப்பட்டிலது. எடுத்துக்கொண்ட நோயாளரின் தொகை சிறிது, காலமும் குறுகியது என அமைதி கூறப்பட்டது. ஆயின் பின்னெழுந்த வாதம் முழுவதும் முளைகொண்டது இக்குறையிலிருந்தே.

இதற்கிடையே கொலெஸ்தரோல் பற்றிய அறிவு வேறொரு திசையில் வளர்ந்துகொண்டிருந்தது. மசசூசெற்ஸ் மாநிலத்தின் பிறாமிங்காம் என்னும் சிற்றூரில் 1948 இல் தொடங்கிய ஆய்வு 5,209 பேரை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து நோக்கியது. உயர்ந்த குருதியமுக்கமும் உயர்ந்த கொலெஸ்தரோலும் மாரடைப்பை முன்னறிவிப்பன என 1961 அளவில் அவ்வாய்வாளர் காட்டினர். ‘இடர்க் காரணி’ என்னும் கருத்து மருத்துவத்தில் வேரூன்றியது அவ்வாய்வின் வழியேயாம். நோய் தோன்றுமுன்னரே எண்களைக் கொண்டு நோயை எதிர்பார்க்கும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. அவ்வழக்கத்தின் நன்மை பெரிது. ஆயினும் ஒரு காரணியைக் குறைக்கும் மருந்து மற்றொரு காரணியைக் கூட்டுமாயின் என் செய்வது என்ற வினாவுக்கு அதில் நேரடி விடை இருக்கவில்லை.

அவ்வினாவை முதலில் எழுப்பியோர் ஷோன்ஃபெல்ட், கோல்ட்பேகர் என்னும் இருவர். தயசைட்டு மருந்து உண்பார்க்குக் கொலெஸ்தரோல் உயர்கின்றது என அவர்கள் 1964 இல் சிறியதோர் ஆய்வை வெளியிட்டனர். அதனைக் கருத்திற் கொண்டோர் மிகச் சிலரே. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1976 இல், ஏம்ஸ், ஹில் ஆகியோர் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் அதே முடிவை மேலும் உறுதியாக முன்வைத்தபோதே மருத்துவர் செவிசாய்த்தனர். ஓர் உண்மை சொல்லப்பட்ட காலமும் கேட்கப்பட்ட காலமும் வேறாதல் வரலாற்றிற் புதுமையன்று. 1964 இல் கொலெஸ்தரோலைப் பற்றிய அச்சம் மருந்துச்சீட்டு எழுதுவோரிடையே பரவியிருக்கவில்லை. 1976 இல் பரவியிருந்தது.

தயசைட்டு கொலெஸ்தரோலை எவ்வாறு உயர்த்துகின்றது என்பது இன்றும் முற்றாகத் தெளிவுற்றதன்று. மருந்தினாற் பொற்றாசியம் கழிதல், இன்சுலினின் ஆற்றல் குன்றுதல், அதன் பயனாக ஈரல் கொழுப்புத் துணிக்கைகளை மிகுதியாக ஆக்குதல் என்பன காரணங்களாகக் கூறப்படுகின்றன. உண்ணும் அளவு கூடக்கூட இவ்விளைவும் கூடுகின்றது என்பது மட்டும் உறுதி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கொடுக்கப்பட்ட அளவுகள் இன்றைய அளவுகளைவிடப் பன்மடங்கு பெரியவை என்பதனை இங்கு மனங்கொள்ளல் வேண்டும். அமுக்கம் குறையவில்லையெனின் அளவைக் கூட்டுதலே அக்கால வழக்கு.

சிறுநீர்ப்பெருக்கியுடன் போட்டியிட்டு வந்தது பீற்றா தடுப்பு மருந்து. ஸ்கொத்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் இதயத்தின் வேலைப்பளுவைக் குறைத்து நெஞ்சுவலியைத் தணிக்கும் நோக்குடன் அட்ரினலினின் தூண்டுதலைத் தடுக்கும் சேர்வைகளைத் தேடினார். 1964 இல் புரொப்பிரனலோல் வந்தது. அது குருதியமுக்கத்தையும் தணித்தல் அவ்வாண்டிலேயே பிரித்தானிய மருத்துவரால் அறியப்பட்டது. பிளாக்கிற்கு 1988 இல் நோபல் பரிசு கிட்டியது. இம்மருந்து மொத்தக் கொலெஸ்தரோலை அதிகம் மாற்றுவதில்லை. ஆனால் முக்கிளிசரைட்டு என்னும் கொழுப்பை உயர்த்தி, நாடிச்சுவரிலிருந்து கொழுப்பை அகற்றுவதாகக் கருதப்படும் உயரடர்த்திக் கொழுப்புப்புரதத்தைத் தாழ்த்துகின்றது. குருதியிலுள்ள கொழுப்பைச் சிதைக்கும் நொதியத்தின் வேகம் குன்றுதல் இதற்குக் காரணமாகலாம். 1980 இல் ஒஸ்லோ ஆய்வாளர் புரொப்பிரனலோலையும், அல்பா தடுப்பு மருந்தாகிய பிரசொசினையும் ஒப்பிட்டனர். முன்னது கொழுப்பின் நிலையைக் கெடுத்தது, பின்னது திருத்தியது. அல்பா தடுப்பு மருந்துகளின் பால் பலரது கவனமும் திரும்பிற்று.

இந்நிலையிலேதான் 1982 இல் பெரும் ஏமாற்றமொன்று நிகழ்ந்தது. அமெரிக்காவில் 12,866 ஆடவரைக் கொண்டு, புகைத்தல், கொலெஸ்தரோல், குருதியமுக்கம் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறைக்க முயன்ற பேராய்வின் முடிவு அவ்வாண்டு வெளியாயிற்று. ஏழாண்டு உழைப்புக்குப் பின்னர் சிறப்புக் கவனிப்புப் பெற்றோர்க்கும் வழமையான கவனிப்புப் பெற்றோர்க்கும் இடையே மாரடைப்பு இறப்பில் நம்பத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அவ்வளவில் நின்றிருந்தாற் கூடப் பொறுத்திருப்பர். அமுக்கம் உயர்ந்தும் இதய மின்வரைபு வழுவுற்றும் இருந்தோரைத் தனியே எடுத்து நோக்கியபோது, சிறப்புக் கவனிப்புப் பெற்றோரிடையே இறப்புச் சற்றுக் கூடியிருந்தது. சிறுநீர்ப்பெருக்கி உண்டோரிடம் உணவுக் கட்டுப்பாட்டாற் கொலெஸ்தரோல் எதிர்பார்த்த அளவு இறங்கவுமில்லை. குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தோர்க்கு இவ்விரண்டும் போதுமாயின.

இதற்கு மாறான சான்றும் அப்பொழுதே இருந்தது என்பது பலரும் மறந்துவிடும் செய்தி. 1979 இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில் 10,940 பேர் பங்குகொண்டனர். அதில் முதற்படி மருந்தாக வழங்கப்பட்டது குளோர்தலிடோனே. முறையான சிகிச்சை பெற்றோரிடையே ஐந்தாண்டு இறப்பு 17 சதவீதம் குறைந்தது. கொலெஸ்தரோலை உயர்த்தும் அதே மருந்தைக் கொண்டே இப்பயன் பெறப்பட்டது. இருந்தும் நற்செய்தியைவிட ஐயத்துக்கே செவிகள் விரைவில் திறக்கின்றன. 1985 இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 17,354 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவும் ஐயத்தை வளர்த்தது. பாரிசவாதம் குறைந்தது, மாரடைப்புக் குறைந்திலது. அவ்வாய்வில் பென்ட்ரோபுளுவசைட்டு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் கொடுக்கப்பட்டது. பின்னாளில் வழக்கில் நிலைத்த அளவு அதன் காற்பங்காகிய 2.5 மில்லிகிராமே.

ஐயத்துக்கு எண்ணுருவம் கொடுத்தது 1990 இல் லான்செற் இதழில் வெளியான தொகுப்பாய்வு. கொலின்ஸ், பீற்றோ முதலியோர் அதுவரை நடந்த 14 ஆய்வுகளை, ஏறத்தாழ 37,000 நோயாளரை, ஒன்றுசேர்த்துக் கணித்தனர். கீழமுக்கம் 5 அல்லது 6 மில்லிமீற்றர் குறைந்தமையாற் பாரிசவாதம் 42 சதவீதம் குறைந்திருந்தது. இது எதிர்பார்த்த அளவே. மாரடைப்போ 14 சதவீதமே குறைந்திருந்தது. எதிர்பார்த்தது 20 முதல் 25 சதவீதம் வரை. இவ்விடைவெளி எங்ஙனம் தோன்றியது? ஆய்வுகளின் காலம் குறுகியது, நாடித்தடிப்பு மாறுதற்கு நெடுங்காலம் வேண்டும் என்றனர் ஒரு சாரார். மருந்து கொலெஸ்தரோலை உயர்த்தியதால் ஒரு கையாற் கொடுத்ததை மறு கையாற் பறித்துக்கொண்டது என்றனர் மறு சாரார்.

இரண்டாவது விளக்கம் கேட்பார் மனத்தை எளிதில் கவரத்தக்கது. ஆயினும் எளிய கணக்கொன்றுக்கு அது நின்று பிடிக்கவில்லை. 1984 இல் 3,806 ஆடவரைக் கொண்டு நடந்த கொலெஸ்தரோல் ஆய்வின் பின்னர், கொலெஸ்தரோல் ஒரு சதவீதம் மாறினால் மாரடைப்பு இரண்டு சதவீதம் மாறும் என்னும் விதி மருத்துவரிடையே வழங்கலாயிற்று. தயசைட்டுகள் கொலெஸ்தரோலை எவ்வளவு உயர்த்துகின்றன? 1995 இல் கசிஸ்கியும் பிறரும் 474 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிச் சொன்ன சராசரி, 100 மில்லிலீற்றர் குருதியில் ஏறத்தாழ 5 மில்லிகிராம். கொலெஸ்தரோல் 240 மில்லிகிராம் உடைய ஒருவர்க்கு இது இரண்டு சதவீதம். மாரடைப்பில் நான்கு சதவீத மாற்றத்துக்கு மேல் இதனை ஏற்றிச் சொல்ல இயலாது. இடைவெளியின் ஒரு பகுதியை இது நிரப்பலாம், முழுவதையும் நிரப்பாது. அத்தொகுப்பின்படி கல்சியம் தடுப்பு மருந்துகள் கொழுப்பைத் தொடுவதே இல்லை. அல்பா தடுப்பு மருந்துகள் கொலெஸ்தரோலை ஏறத்தாழ 9 மில்லிகிராம் குறைத்தன. எண்களை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதுவதாயின் முடி சூட்டப்படவேண்டியது அல்பா தடுப்பு மருந்துக்கே.

சந்தை அத்தீர்ப்பைக் காத்திருந்து கேட்கவில்லை. ஐக்கிய அமெரிக்காவில் குருதியமுக்கத்துக்கு எழுதப்பட்ட மருந்துச்சீட்டுகளுள் 1982 இல் 56 சதவீதம் சிறுநீர்ப்பெருக்கிக்கு உரியனவாக இருந்தன. 1992 இல் அது 27 சதவீதமாகச் சுருங்கிற்று. கல்சியம் தடுப்பு மருந்துகளும் அஞ்சியோதென்சின் ஆக்கத்தைத் தடுக்கும் மருந்துகளும் அவ்விடத்தை நிரப்பின. கொழுப்புக்குத் தீங்கிழைக்காதது என்பது புதிய மருந்துகளின் விளம்பரங்களில் ஒரு மங்கலச் சொல்லாயிற்று. இதனை வணிகரின் சூழ்ச்சி என்று மட்டும் கூறி அமைதல் நேர்மையாகாது. நேர்மையுள்ள மருத்துவர் பலரும் தத்தம் நோயாளரின் நன்மை கருதியே மாறினர். ஆயினும் காப்புரிமை காலாவதியான மருந்துக்காக வாதாட எவர்க்கும் ஊதியம் கிடைப்பதில்லை என்பதும் உண்மையே. புதிய மருந்து மாரடைப்பைக் கூடுதலாகத் தடுக்கின்றது எனக் காட்டிய நேரடி ஒப்பீடு எதுவும் அப்பத்தாண்டில் இருக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வெளியான இரு ஆய்வுகள் காற்றைச் சற்றே திருப்பின. 1991 இல் முதியோர் 4,736 பேரைக் கொண்ட அமெரிக்க ஆய்வில் குளோர்தலிடோன் 12.5 அல்லது 25 மில்லிகிராம் என்னும் சிறிய அளவிற் கொடுக்கப்பட்டது. பாரிசவாதம் 36 சதவீதம், மாரடைப்பு 27 சதவீதம் குறைந்தன. 1992 இல் முதியோரிடையே நடந்த பிரித்தானிய ஆய்விலும் சிறிய அளவுச் சிறுநீர்ப்பெருக்கி மாரடைப்பைத் தெளிவாகக் குறைத்தது. பீற்றா தடுப்பு மருந்தாகிய அதெனலோல் குறைக்கவில்லை. காணாமற்போன நன்மை மருந்தில் அன்று, மருந்தின் அளவிலேயே மறைந்திருந்தது என்ற எண்ணம் இவற்றால் வலுப்பெற்றது.

இறுதி விடை நேருக்கு நேர் நிறுத்திய ஒப்பீட்டினால் மட்டுமே வரத்தக்கது. அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவனம் 1994 இல் அதனைத் தொடங்கிற்று. 623 நிலையங்களில், 55 வயதும் அதற்கு மேலும் உடைய 42,418 பேர் சேர்க்கப்பட்டனர். பழைய குளோர்தலிடோன் ஒரு புறமும், அம்லோடிப்பின், லிசினோப்பிரில், டொக்சசொசின் என்னும் புதிய மூன்றும் மறுபுறமுமாக எழுமாறாகப் பங்கிடப்பட்டன. டொக்சசொசின் அல்பா தடுப்பு மருந்து. கொலெஸ்தரோலுக்கு நன்மை செய்வதெனப் பெயர்பெற்றது.

ஆய்வு முடியும்வரை அது தாக்குப்பிடிக்கவில்லை. 2000 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இடைக்காலக் கணக்கைக் கண்ட மேற்பார்வைக் குழுவின் பரிந்துரையின்படி டொக்சசொசின் பகுதி நிறுத்தப்பட்டது. அம்மருந்து உண்டோர் 9,067 பேர். குளோர்தலிடோன் உண்டோர் 15,268 பேர். மாரடைப்பில் இருசாரார்க்கும் வேறுபாடில்லை. கொலெஸ்தரோல் டொக்சசொசின் உண்டோர்க்கே தாழ்ந்திருந்தது. ஆனால் இதயம் தளர்ந்து மூச்சு முட்டும் நிலை நான்காண்டில் குளோர்தலிடோன் உண்டோருள் 4.45 சதவீதத்தினர்க்கும், டொக்சசொசின் உண்டோருள் 8.13 சதவீதத்தினர்க்கும் நேர்ந்தது. ஏறத்தாழ இருமடங்கு. பாரிசவாதமும் கூடியிருந்தது. குருதிச் சோதனைத் தாளில் அழகிய எண்ணைக் காட்டிய மருந்து நோயாளரின் உடலிற் காட்டியது இதுவே.

2002 டிசம்பரில் எஞ்சிய 33,357 பேரின் முடிவு வெளியாயிற்று. மூன்று மருந்துக்கும் இடையே மாரடைப்பில் வேறுபாடு இல்லை. இதயத்தளர்ச்சி அம்லோடிப்பின் உண்டோரிடம் 38 சதவீதம் கூடியிருந்தது. ஐயத்தின் மூலமாகிய கொலெஸ்தரோலின் நிலை யாது? நான்காண்டின் பின் குளோர்தலிடோன் உண்டோர்க்குச் சராசரி 197.2, அம்லோடிப்பின் உண்டோர்க்கு 195.6, லிசினோப்பிரில் உண்டோர்க்கு 195.0 மில்லிகிராம். இரண்டு மில்லிகிராம் அளவான வேறுபாடு உண்மையே, அது பொய்யன்று. அதன் விளைவாகக் கூடுதலாக ஒரு மாரடைப்பும் காணப்படவில்லை என்பதே ஆய்வின் செய்தி.

இம்முடிவை எல்லாரும் ஒருங்கே ஏற்றுக்கொண்டனர் எனல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஆய்வு தொடங்குமுன் நோயாளர் பலர் சிறுநீர்ப்பெருக்கி உண்டுகொண்டிருந்தனர். அதனை நிறுத்தியமையால் மறைந்திருந்த இதயத்தளர்ச்சி வெளிப்பட்டது என்றனர் சிலர். டொக்சசொசின் உண்டோரின் மேலமுக்கம் சில மில்லிமீற்றர் கூடியிருந்ததையும் சுட்டினர். 2003 இன் தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவில் 6,083 முதியோரைக் கொண்டு நடந்த ஆய்வு, ஆடவரளவில் புதிய மருந்துக்குச் சாதகமாக முடிந்தது. இவற்றுள் வன்மை மிக்க மறுப்பு நீரிழிவைப் பற்றியது. நான்காண்டில் புதிதாக நீரிழிவின் எல்லையைத் தொட்டோர் குளோர்தலிடோன் கூட்டத்தில் 11.6 சதவீதம், லிசினோப்பிரில் கூட்டத்தில் 8.1 சதவீதம். கொலெஸ்தரோல் பற்றிய ஐயம் தணிந்த இடத்திற் சர்க்கரை பற்றிய ஐயம் குடியேறியது. அது இன்றும் முற்றாக நீங்கியதன்று. நீரிழிவு மலிந்த நம்மவரிடையே அதனைப் புறக்கணித்தலும் ஆகாது.

கொலெஸ்தரோல் வாதம் ஆறியமைக்கு வேறொரு காரணமும் உண்டு. யப்பானிய அறிஞர் அகிரா எண்டோ எழுபதுகளிற் பூஞ்சணத்திலிருந்து கண்டெடுத்த சேர்வையின் வழிவந்த ஸ்ரற்றின் மருந்துகள் 1987 முதல் அமெரிக்க மருந்தகங்களில் இடம்பெற்றன. 1994 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் 4,444 இதய நோயாளரைக் கொண்ட ஆய்வு, சிம்வஸ்ரற்றின் இறப்பை 30 சதவீதம் குறைத்ததைக் காட்டியது. 2003 இல், குருதியமுக்கம் உடையோராயினும் கொலெஸ்தரோல் மிகையாக உயராத 10,305 பேரைக் கொண்ட ஐரோப்பிய ஆய்வில், அதோர்வஸ்ரற்றின் மாரடைப்பை 36 சதவீதம் குறைத்தமையால் ஆய்வே முன்கூட்டி நிறுத்தப்பட்டது. கொலெஸ்தரோலைப் பெருமளவில் இறக்கத் தனி மருந்து கைவந்த பின்னர், அமுக்க மருந்து அதனை ஐந்து மில்லிகிராம் ஏற்றுகின்றதா இறக்குகின்றதா என்பது சிறு வினாவாகச் சுருங்கிற்று.

செல்வ நாடுகளில் இவ்வாதம் காப்புறுதிச் செலவு பற்றியது. வறிய நாடுகளிலோ மருந்து கிடைக்குமா கிடையாதா என்பது பற்றியது. உலக சுகாதார நிறுவனம் 1977 இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஐதரோகுளோரோதயசைட்டு இடம்பெற்றிருந்தது. அப்பட்டியலின் அடிப்படையான சிந்தனைக்கு இலங்கை முன்னோடிகளுள் ஒன்றாகும். பேராதனையில் மருந்தியற் பேராசிரியராக விளங்கிய சேனக பிபிலே, வணிகப்பெயரன்றி இரசாயனப் பெயரால் மருந்தைக் கொள்வனவு செய்யும் கொள்கையை வகுத்து, 1971 இல் அமைந்த அரச மருந்துப்பொருட் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவராகப் பணியாற்றினார். பழைய மருந்து புதியதனுக்குத் தாழ்ந்ததன்று என்னும் சான்று அத்தகைய கொள்கைக்கு எத்துணை இன்றியமையாதது என்பது சொல்லாமலே விளங்கும்.

அமெரிக்காவிற் பிறந்த இவ்வையத்தின் வரலாறு ஈற்றில் இலங்கை மண்ணையும் தொட்டது. 2016 முதல் 2017 வரை இலங்கையின் நகர்ப்புற வைத்தியசாலைச் சிகிச்சை நிலையங்கள் 11 இல் 700 நோயாளர் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஒரு சாரார்க்கு ரெல்மிசாற்றன், அம்லோடிப்பின், குளோர்தலிடோன் ஆகிய மூன்றும் குறைந்த அளவில் ஒரே குளிசையாக வழங்கப்பட்டன. மறு சாரார்க்கு வழமையான சிகிச்சை. ஆறு மாதத்தில் இலக்கமுக்கத்தை எட்டியோர் முன்னையோருள் 70 சதவீதம், பின்னையோருள் 55 சதவீதம் என 2018 ஆகஸ்டில் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவு வெளியாயிற்று. அக்குளிசையிலிருந்த குளோர்தலிடோனின் அளவு 12.5 மில்லிகிராம். எழுபதுகளின் அமெரிக்க ஆய்வில் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம்வரை கொடுக்கப்பட்ட அதே மருந்துதான் அது.